வெப்பத்தின் கொடுக்கல் வாங்கல்

சாணைக்கல்லில் இரும்பைத் தீட்டும்போது பொறி பறக்கிறதே, அந்தப் பொறி ஒவ்வொன்றும் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடானது. அது புறங்கையில் வந்து விழுந்தால் ஒரு கணம் சுருக்கென்கும், அவ்வளவுதான். சில நேரம் விழுந்ததே தெரியாது. (கண் விஷயம் வேறு. கண்ணாடி போடாமல் சாணை பிடிக்கக் கூடாது.) ஆனால் 60 டிகிரி வெந்நீர் நிறைந்த வாளிக்குள் அதே கையை விட்டால் சில நொடிகளில் தோல் வெந்துவிடும். ஆயிரம் டிகிரி சும்மா விடுகிறது, அறுபது டிகிரி பொசுக்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் பிடிபடும். முடியளவு தடிமனுள்ள, அதாவது பத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள இரும்புத் துகள் ஒன்று ஆயிரம் டிகிரி ஆறும்போது வெளியே விடும் ஆற்றல், ஒரு ஜூலில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவு (ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு). 10 லிட்டர் வெந்நீர் 60 டிகிரியிலிருந்து உடம்புச் சூடான 37 டிகிரிக்கு இறங்க வேண்டுமானால் ஒன்பதரை லட்சம் ஜூலுக்கு மேல் வெளியே விட வேண்டும். பொறி கொதிப்பில் பெரிய ஆள்தான், ஆனால் கொடுப்பதற்கு அதன் கையில் ஒன்றுமில்லை.

வெப்பநிலை என்பது ஒன்று, வெப்பம் என்பது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் இந்தப் பாடத்தில் பாதி முடிந்த மாதிரி. பேச்சில் நாம் இரண்டுக்கும் 'சூடு' என்ற ஒரே சொல்லைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

எந்தப் பொருளை எடுத்தாலும் அதன் அணுக்களும் மூலக்கூறுகளும் ஓயாமல் ஆடிக்கொண்டோ ஓடிக்கொண்டோ இருக்கின்றன. அந்த ஆட்டம் சராசரியாக எவ்வளவு வேகம் என்பதைச் சொல்வது வெப்பநிலை. ஒரு துளி நீரானாலும் ஒரு குளம் நீரானாலும் 40 டிகிரி என்றால் 40 டிகிரிதான். அந்த ஆட்டங்களின் ஆற்றலையும், அவை ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியின் ஆற்றலையும் சேர்த்தால் கிடைக்கும் மொத்தக் கையிருப்புக்கு அக ஆற்றல் என்று பெயர். சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு அந்தக் கையிருப்பில் ஒரு பகுதி கைமாறுகிறதே, அந்தக் கைமாற்றத்துக்குத்தான் வெப்பம் என்று பெயர். அதனால் 'இந்த நீருக்குள் இவ்வளவு வெப்பம் இருக்கிறது' என்று சொல்வதை இயற்பியல்காரர்கள் விரும்புவதில்லை. 'இந்த நீர் இவ்வளவு வெப்பத்தைக் கொடுத்தது', 'வாங்கியது' என்பார்கள். சொல் விஷயத்தில் இவ்வளவு கறார் தேவையா என்று தோன்றலாம். ஆனால் கணக்குப் போடும்போது இந்தக் கறார்தான் கைகொடுக்கும்.

கைமாற்றம் எதுவரை நடக்கும்? இருவர் வெப்பநிலையும் சமமாகும் வரை. அந்த நிலைக்கு வெப்பச் சமநிலை என்று பெயர். சமமாவது வெப்பநிலை மட்டும்தான், ஆற்றலின் அளவு அல்ல. ஓர் அறையில் இரவெல்லாம் கிடந்த இரும்புக் கம்பிக்கும் மரப்பலகைக்கும் விடியும்போது வெப்பநிலை ஒன்றேதான். 'இல்லையே, இரும்பு சில்லென்று இருக்கிறதே' என்பீர்கள். தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே எண்ணைத்தான் காட்டும். இரும்பு உங்கள் கையிலிருந்து வெப்பத்தை விறுவிறுவென்று உறிஞ்சிக் கடத்துகிறது, மரம் மந்தமாகக் கடத்துகிறது. உங்கள் தோல் உணர்வது கை எவ்வளவு வேகமாக வெப்பத்தை இழக்கிறது என்பதை, கம்பியின் வெப்பநிலையை அல்ல. நம் கை ஒரு மோசமான தெர்மாமீட்டர்.

கொடுத்தது எவ்வளவோ வாங்கியதும் அவ்வளவே

இனி கணக்கு. வெளியார் யாரும் குறுக்கிடாத ஒரு பாத்திரத்தில் சூடான பொருளையும் குளிர்ந்த பொருளையும் சேர்த்து வைத்தால், ஒன்று இழந்த வெப்பமும் மற்றது பெற்ற வெப்பமும் சமம். ஆற்றல் அழியாது என்ற பெரிய விதியின் சின்னக் கிளை இது. பாடப்புத்தகத்தில் இதற்குக் கலவை முறை என்று பெயர்.

எளிய கலவை ஒன்று. 80 டிகிரி நீர் 200 கிராம், 30 டிகிரி நீர் 300 கிராம். சேர்த்தால் எத்தனை டிகிரி? இரண்டும் நீர்தான் என்பதால் இதற்குச் சூத்திரம்கூட வேண்டாம். சூடான நீர் 30 டிகிரி இறங்கி 50-க்கு வருகிறது. குளிர்ந்த நீர் 20 டிகிரி ஏறி அதே 50-க்கு வருகிறது. 200-ஐ 30-ஆல் பெருக்கினாலும் 6000, 300-ஐ 20-ஆல் பெருக்கினாலும் 6000. கணக்கு நேர். இரண்டு எண்களின் நடுவான 55 ஏன் வரவில்லை என்றால், குளிர்ந்த நீரின் அளவு அதிகம், அதனால் அது தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

இப்போது ஒரு பொருளை மாற்றுவோம். 25 டிகிரியில் 200 கிராம் நீர். அதற்குள் 100 டிகிரிக்குச் சூடாக்கிய 200 கிராம் இரும்பைப் போடுகிறோம். நிறை சமம். அப்படியானால் நடுவில் 62 அல்லது 63 டிகிரி வரவேண்டும் அல்லவா? வராது. 32 டிகிரி சொச்சத்தில் நின்றுவிடும். இரும்பு கிட்டத்தட்ட 68 டிகிரி இறங்குகிறது, நீரோ 7 டிகிரி ஏறுவதோடு சரி. முதன்முறை இதைப் பார்ப்பவருக்கு யாரோ ஏமாற்றுகிற மாதிரி இருக்கும்.

யாரும் ஏமாற்றவில்லை. ஒரு டிகிரி ஏற, ஒவ்வொரு பொருளும் கேட்கும் ஆற்றல் வேறு வேறு. ஒரு கிராம் பொருளை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் வெப்பத்துக்குத் தன்வெப்ப ஏற்புத்திறன் என்று பெயர். நீளமான பெயர் என்பதால் இங்கே தன்வெப்பம் என்றே சுருக்கிக்கொள்கிறேன். நீருக்கு அது ஏறக்குறைய 4.2 ஜூல், இரும்புக்கு 0.45. நீரின் தன்வெப்பம் இரும்பைப் போல ஒன்பது மடங்குக்கு மேல், அதனால்தான் மேலே நீர் அசைய மறுத்தது.

வெப்பம் = நிறை × தன்வெப்பம் × வெப்பநிலை மாற்றம்

இந்த ஒரு வரிதான் பாடத்தின் சூத்திரம். இரும்பு இழந்தது 200 × 0.45 × 67.7. நீர் பெற்றது 200 × 4.2 × 7.26. இரண்டும் ஏறக்குறைய 6100 ஜூல். முதலில் பெருக்கிப் பாருங்கள், பிறகு நம்புங்கள்.

மற்ற சில பொருள்களின் தன்வெப்பம், கிராமுக்கு ஜூலில்: அலுமினியம் 0.90, செம்பு 0.39, வெள்ளி 0.24, ஈயம் 0.13. பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியானது, ஆனாலும் அதன் தன்வெப்பம் 0.14 மட்டுமே. ஒரே கொள்ளளவுக் குப்பியில் நீரையும் பாதரசத்தையும் ஊற்றிச் சம அளவு சூடாக்கினால், அவ்வளவு கனமான பாதரசம் நீர் வாங்கியதில் பாதி வெப்பத்தைக்கூட வாங்கியிருக்காது. 'கனமான பொருள் அதிக வெப்பத்தை வாங்கும்' என்று முற்காலத்தவர் நினைத்ததைப் பொய்யாக்கியவற்றில் இந்தப் பாதரசமும் ஒன்று.

ஈயத்துக்கு ஏன் இவ்வளவு குறைவு?

இந்த இடத்தைப் பல புத்தகங்கள் பட்டியலைக் கொடுத்துவிட்டுக் கடந்து போய்விடுகின்றன. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடமே இதுதான்.

கிராமை மறந்துவிட்டு அணுக்களை எண்ணிப் பார்ப்போம். ஈய அணு கனமானது, அதன் அணு நிறை 207. அலுமினியத்துக்கு 27. ஆக ஒரு கிராம் ஈயத்தில் இருப்பதைவிட ஒரு கிராம் அலுமினியத்தில் ஏழெட்டு மடங்கு அதிக அணுக்கள் இருக்கின்றன. இப்போது தன்வெப்பத்தைப் பாருங்கள்: 0.13-க்கு 0.90, அதுவும் ஏழு மடங்கு! அப்படியானால் ஒரு டிகிரி ஏற அணு ஒன்று கேட்கும் பங்கு எல்லா உலோகத்திலும் ஏறக்குறைய ஒன்றுதானா? தன்வெப்பத்தை அணு நிறையால் பெருக்கிப் பார்த்தால் அலுமினியத்துக்கு 24, செம்புக்கு 25, இரும்புக்கு 25, ஈயத்துக்கு 27 என்று வருகிறது. எல்லாம் 25-ஐச் சுற்றியே நிற்கின்றன. 1819-இல் டூலாங், பெட்டி என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் கண்டது இதைத்தான். வெப்பத்துக்கு எடை முக்கியமில்லை, எத்தனை பேர் பங்குக்கு நிற்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

இந்த விதிக்கு அடங்காத பிள்ளைகளும் உண்டு. வைரத்துக்கு இதே பெருக்கலைப் போட்டால் அறை வெப்பநிலையில் 6 சொச்சம்தான் வரும். அதற்குக் காரணம் சொல்லக் குவாண்டம் கொள்கை வர வேண்டியிருந்தது, 1907-இல் ஐன்ஸ்டைன் சொன்னார். அது வேறொரு நாளைக்கான கதை.

நீர் ஏன் இவ்வளவு பெரிய வாயாக இருக்கிறது? நீரின் மூலக்கூறு இலேசானது, ஆக ஒரு கிராமில் ஏராளமான மூலக்கூறுகள். அதோடு அவை ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொண்டிருக்கின்றன. உள்ளே வரும் ஆற்றலில் ஒரு பகுதி அந்தப் பிடியைத் தளர்த்துவதிலேயே செலவாகிவிடுகிறது, மிச்சம்தான் ஆட்டத்தைக் கூட்டுகிறது. கடலோரத்தில் பகல் இரவு வெப்பநிலை அதிகம் மாறாமல் இருப்பதற்கும், இயந்திரங்களைக் குளிர்விக்க நீரையே ஓடவிடுவதற்கும் இதுவே காரணம்.

கலோரிமீட்டர்

கணக்கு சரியாக வரவேண்டுமானால் வெளியார் குறுக்கிடக் கூடாது என்றேன். நடைமுறையில் காற்று, மேசை, நம் கை எல்லாமே குறுக்கிடும். வெப்பம் வெளியே போவதற்கு மூன்று வழிகள்: பொருளோடு பொருள் தொட்டுக் கடத்தல், காற்றோ நீரோ நகர்ந்து போகும்போது சுமந்து செல்லும் சலனம், இடையில் எதுவுமே தேவைப்படாத கதிர்வீச்சு. மூன்று வாசலையும் முடிந்தவரை அடைத்த பாத்திரம்தான் கலோரிமீட்டர். பள்ளி ஆய்வகத்தில் இருப்பது ஒரு செம்புக் குவளை. அதன் வெளிப்புறம் பளபளவென்று தேய்த்திருக்கும், அது கதிர்வீச்சைக் குறைக்க. குவளை ஒரு மரப்பெட்டிக்குள் பஞ்சோ தெர்மோகோலோ சூழ உட்கார்ந்திருக்கும், அது கடத்தலைத் தடுக்க. மேலே மூடி இருக்கும், சலனத்தையும் ஆவியாதலையும் தடுக்க. மூடியில் இரண்டு துளைகள், ஒன்றில் தெர்மாமீட்டர், இன்னொன்றில் கலக்கி. கலக்கியை யாரும் மதிப்பதில்லை. ஆனால் கலக்காமல் விட்டால் அடியில் ஒரு சூடு, மேலே ஒரு சூடு என்று நிற்கும். தெர்மாமீட்டர் தான் நிற்கும் இடத்தைப் பற்றித்தான் சொல்லும்.

ஒரு சோதனையை முழுதாகச் செய்வோம். 150 கிராம் எடையுள்ள உலோகக் குண்டு, என்ன உலோகம் என்று தெரியாது. 100 கிராம் செம்புக் கலோரிமீட்டருக்குள் 120 கிராம் நீர், இரண்டும் 27.0 டிகிரியில். குண்டை 100 டிகிரிக்குச் சூடாக்கி உள்ளே இறக்கி, மூடி, கலக்குகிறோம். தெர்மாமீட்டர் மெதுவாக ஏறி 33.9-இல் நின்று, பிறகு இறங்கத் தொடங்குகிறது. அந்த உச்சத்தைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

வாங்கியவர் இருவர். நீர் ஒரு டிகிரிக்கு 120 × 4.2 = 504 ஜூல் வாங்கும், குவளை 100 × 0.39 = 39 ஜூல். மொத்தம் 543. இருவரும் 6.9 டிகிரி ஏறியதால் வாங்கியது 3747 ஜூல். கொடுத்தவர் ஒருவரே, 150 கிராம் குண்டு. அது 100-இலிருந்து 33.9-க்கு, 66.1 டிகிரி இறங்கியது. 3747-ஐ 150-ஆலும் 66.1-ஆலும் வகுத்தால் 0.38. செம்பாகவோ பித்தளையாகவோ இருக்கலாம். மஞ்சளாக இருந்தால் பித்தளை என்று கண்ணே சொல்லிவிடும்.

குவளையை மறந்துவிட்டால் என்ன ஆகும்? 0.35 என்று வரும். பாத்திரமும் தன் பங்குக்கு வெப்பத்தை வாங்கியது என்பதை மறப்பதுதான் தேர்வுத்தாளில் மிக அதிகம் நடக்கும் தவறு. 39-ஐ 4.2-ஆல் வகுத்தால் 9.3 வருகிறது. அதாவது இந்தக் குவளை வெப்பக் கணக்கில் 9.3 கிராம் நீருக்குச் சமம். இதைக் குவளையின் நீர்ச்சமானம் என்பார்கள். '120 கிராம் அல்ல, 129.3 கிராம் நீர்' என்று நினைத்துக்கொண்டால் கணக்கு ஒரே வரியில் முடியும்.

நான் மாணவனாக இந்தச் சோதனையைச் செய்தபோது எனக்கு வந்தது 0.41. குவளையை மறக்கவில்லை, பெருக்கலிலும் பிழையில்லை. இரண்டாம் முறையும் 0.41. அட்டவணையில் இருக்கும் எண்தான் தப்பு என்று நண்பனிடம் வாதாடிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியர் ஒரே கேள்விதான் கேட்டார்: "குண்ட எடுக்கும்போது உதறினியா?"

உதறவில்லை. குண்டை நூலில் கட்டிக் கொதிநீருக்குள் தொங்கவிட்டிருந்தேன். வெளியே எடுத்தபோது அதன் அடியில் ஒரு கிராம் அளவுக்குக் கொதிநீர் தொற்றிக்கொண்டு கலோரிமீட்டருக்குள் வந்திருக்கிறது. ஒரு கிராம்தானே என்று அலட்சியமாக இருக்கிறதா? அந்த ஒரு கிராம் நீர் ஒரு டிகிரிக்குக் கொடுப்பது 4.2 ஜூல். 150 கிராம் குண்டு முழுதும் சேர்ந்து கொடுப்பதே 57 ஜூல்தான். கொடுத்தவர் பட்டியலில் பெயர் இல்லாத ஒருவர் நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதையும் குண்டின் கணக்கில் எழுதினால் 0.38 என்பது 0.41 ஆகாமல் என்ன செய்யும்? சரி, துணியால் துடைத்துவிட்டால்? துடைக்கும் நேரத்தில் குண்டு ஆறிவிடும். அதனால்தான் நல்ல ஆய்வகங்களில் குண்டை நீரில் போடாமல், சுற்றிலும் நீராவி ஓடும் குழாய்க்குள் காயவைத்தபடி சூடாக்கி, அப்படியே நேராகக் கலோரிமீட்டருக்குள் விழவிடுகிறார்கள்.

இன்னொரு தந்திரமும் உண்டு. நீரை அறை வெப்பநிலையிலிருந்து தொடங்காமல், சோதனை முடிவில் அது அறையைவிட எவ்வளவு சூடாகப் போகிறதோ அவ்வளவு கீழிருந்து தொடங்குவது. முதல் பாதியில் அறையிலிருந்து கொஞ்சம் வெப்பம் உள்ளே வரும், இரண்டாம் பாதியில் ஏறக்குறைய அதே அளவு வெளியே போகும். வந்ததும் போனதும் கழிந்துவிடும். ரம்ஃபோர்டு பிரபு என்ற அறிவியலாளர் கையாண்ட உத்தி இது. செலவில்லாத உத்தி, ஆனால் பலர் செய்வதில்லை.

பனிக்கட்டி வந்தால் கணக்கு மாறும்

மேலே சொன்ன சூத்திரத்தில் 'வெப்பநிலை மாற்றம்' என்று ஓர் உறுப்பு இருக்கிறது. வெப்பநிலை மாறாமலேயே வெப்பம் வாங்கும் ஆள் வந்தால்?

1760களின் தொடக்கம், கிளாஸ்கோ பல்கலைக்கழகம். பனிக்கட்டி உருகுநிலைக்கு வந்துவிட்டால், அதற்குப் பிறகு துளி வெப்பம் போதும், மொத்தமும் நீராகிவிடும் என்றுதான் அப்போது நம்பினார்கள். ஜோசப் பிளாக் என்ற பேராசிரியருக்கு அதில் சந்தேகம். அப்படியென்றால் வெயில் தலைகாட்டியதும் மலைப்பனி முழுதும் ஒரேயடியாக உருகி, எதிர்ப்பட்டதையெல்லாம் வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டுமே. உண்மையில் அது வாரக்கணக்கில் மெல்ல மெல்ல உருகுகிறது.

அவர் ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குடுவைகளை எடுத்தார். ஒன்றில் உருகத் தொடங்கும் நிலையில் பனிக்கட்டி. இன்னொன்றில் அதே எடை நீர், உறைநிலைக்கு ஒரு டிகிரி மட்டும் மேலே, 33 டிகிரி ஃபாரன்ஹீட்டில். வெப்பநிலை அதிகம் மாறாத ஒரு பெரிய கூடத்தில் இரண்டையும் தொங்கவிட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீர் 33-இலிருந்து 40 டிகிரிக்கு ஏற அரை மணி நேரம் ஆனது. பனிக்கட்டி உருகி அதே 40 டிகிரியைத் தொடப் பத்தரை மணி நேரம் ஆனது.

பத்தரை மணி என்பது 21 அரைமணிகள். ஒவ்வோர் அரைமணியிலும் 7 டிகிரி ஏற்றத்துக்கான வெப்பம் அறையிலிருந்து வந்திருக்கிறது. 21 × 7 = 147. அதில் உருகிய நீரை 32-இலிருந்து 40-க்கு ஏற்றச் செலவானது 8. மிச்சம் 139 டிகிரி ஏற்றத்துக்கான வெப்பம் எங்கே? தெர்மாமீட்டர் அதைக் காட்டவேயில்லை. உருகுவதற்குள் ஒளிந்துகொண்டது. பிளாக் அதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர் வைத்தார். இன்றைய கருவிகளால் அளந்து அதே அலகில் சொன்னால் 144. கையில் ஒரு கடிகாரமும் ஒரு தெர்மாமீட்டரும் மட்டும் வைத்துக்கொண்டு அந்த மனிதர் இவ்வளவு அருகில் வந்திருக்கிறார்.

இன்றைய அலகில், ஒரு கிராம் பனிக்கட்டியை வெப்பநிலை மாறாமல் உருக்க 334 ஜூல் வேண்டும். ஒரு கிராம் நீரைச் சுழியத்திலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கும் ஆற்றல் அது. ஆட்டத்தைக் கூட்டாமல், மூலக்கூறுகள் கட்டுண்டு நிற்கும் அமைப்பை உடைப்பதற்கே அத்தனையும் போய்விடுகிறது. ஆட்டம் கூடாததால் வெப்பநிலையும் ஏறவில்லை.

கணக்கில் இது எப்படி வரும்? 30 டிகிரியில் 200 கிராம் நீர். அதில் சுழியம் டிகிரியில் 50 கிராம் பனிக்கட்டி. நீர் சுழியம் வரை இறங்கினால் கொடுக்கக்கூடியது 200 × 4.2 × 30 = 25,200 ஜூல். பனிக்கட்டி உருகுவதற்கே 50 × 334 = 16,700 போய்விடும். மிச்சம் 8,500. இப்போது இருப்பது 250 கிராம் நீர், ஒரு டிகிரிக்கு 1050 ஜூல் கேட்கும். ஆக 8.1 டிகிரி. பனிக்கட்டிக்குப் பதில் சுழியம் டிகிரியில் 50 கிராம் நீரை ஊற்றியிருந்தால் 24 டிகிரியில் நின்றிருக்கும். இரண்டும் அதே சுழியம் டிகிரிதான், ஆனால் முடிவில் 16 டிகிரி வித்தியாசம்.

சரி, பனிக்கட்டி 100 கிராம் என்றால்? கண்ணை மூடிக்கொண்டு அதே முறையில் போனால், உருக்க 33,400 வேண்டும், இருப்பது 25,200, மிச்சம் கழித்தல் 8,200, விடை கழித்தல் 6.5 டிகிரி. இதை அப்படியே எழுதிவிட்டு இரண்டு கோடு போட்டு அடிக்கோடிடும் மாணவர்கள் எப்போதும் இருப்பார்கள். சுழியம் டிகிரி பனிக்கட்டியைப் போட்டு நீரைச் சுழியத்துக்குக் கீழே கொண்டுபோக முடியுமா என்று ஒரு நொடி யோசித்தால் போதும். நடப்பது வேறு. 25,200 ஜூலுக்கு 75 கிராம் சொச்சம் மட்டும் உருகும், மீதி 25 கிராம் பனிக்கட்டி மிதந்துகொண்டே இருக்கும், வெப்பநிலை சுழியத்தில் நின்றுவிடும். ஆகவே பனிக்கட்டிக் கணக்கில் முதல் வேலை, 'எல்லாம் உருகப் போதுமான வெப்பம் கையில் இருக்கிறதா' என்று பார்ப்பது. சூத்திரம் அதற்கப்புறம்.

நீர் ஆவியாகும்போது இந்தத் தொகை இன்னும் பெரிது, கிராமுக்கு 2260 ஜூல். கொதிநீரைவிடக் கொதிக்கும் நீராவி ஏன் அவ்வளவு மோசமாகச் சுடுகிறது என்பதற்கான விடை இந்த எண்ணில் இருக்கிறது. ஒரு கிராம் கொதிநீர் தோலில் பட்டு 37 டிகிரிக்கு ஆறும்போது கொடுப்பது 265 ஜூல். ஒரு கிராம் நீராவி தோலில் பட்டு நீராகும்போதே 2260-ஐக் கொடுத்துவிட்டு, பிறகு அந்த 265-ஐயும் கொடுக்கிறது. ஏறக்குறைய பத்து மடங்கு. இரண்டின் வெப்பநிலையும் அதே 100தான். வியர்வை காயும்போது உடம்பு குளிர்வதும் இதே கணக்குதான், திசை மட்டும் வேறு.

எலியும் பீரங்கியும்

பனிக்கட்டியின் இந்தக் குணத்தையே கருவியாக்கினார்கள் லவாய்சியே, லாப்லாஸ் என்ற இரண்டு பிரெஞ்சு அறிவியலாளர்கள். 1782-83 குளிர்காலத்தில் பாரிஸில், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பாத்திரத்தின் நடுவில் சோதனைப் பொருளை வைத்தார்கள். அதைச் சுற்றிப் பனிக்கட்டி, அதற்கும் வெளியே இன்னொரு சுற்றுப் பனிக்கட்டி. வெளிச்சுற்று அறையின் வெப்பத்தையெல்லாம் தன்மேல் தாங்கிக்கொள்ளும். உள்சுற்றிலிருந்து சொட்டும் நீரை எடைபோட்டால் நடுவில் இருப்பது எவ்வளவு வெப்பம் விட்டது என்று தெரிந்துவிடும். தெர்மாமீட்டரே வேண்டாம், தராசு போதும். நடுவில் ஒருமுறை கினி எலி ஒன்றை வைத்து, அது உருக்கிய பனியையும் கரி எரிந்து உருக்கிய பனியையும் ஒப்பிட்டார்கள். மூச்சு விடுவதும் மெதுவாக எரிவதும் ஒன்றுதான் என்ற முடிவுக்கு அப்படித்தான் வந்தார்கள்.

இத்தனைக்கும் அந்தக் காலத்து அறிவியலாளர்களில் பலரும் வெப்பத்தைக் 'கலோரிக்' என்ற எடையற்ற திரவமாக நினைத்திருந்தார்கள். சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு அது வழிந்தோடுகிறது என்று வைத்துக்கொண்டால் கலவைக் கணக்கெல்லாம் சரியாகவே வரும், அதுதான் வேடிக்கை. ரம்ஃபோர்டு மியூனிக்கில் பீரங்கிக் குழாய் துளைக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, துளைக்கத் துளைக்க வெப்பம் வந்துகொண்டே இருப்பதைக் கவனித்தார். உள்ளே இருந்த திரவம் என்றால் ஒரு கட்டத்தில் தீர்ந்திருக்க வேண்டுமே? 1798-இல் இதை எழுதினார். 1840களில் ஜூல் என்ற ஆங்கிலேயர் (ஆற்றலின் அலகுக்கு இவர் பெயர்தான்), இறங்கும் எடையால் நீருக்குள் துடுப்பைச் சுழலவிட்டு, எவ்வளவு வேலைக்கு எவ்வளவு வெப்பம் என்று அளந்தார். 1 கிலோ நீர் ஒரே ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக, 1 கிலோ எடை 427 மீட்டர் இறங்கியிருக்க வேண்டும். அவர் தெர்மாமீட்டரில் படிக்க வேண்டியிருந்த ஏற்றம் எவ்வளவு நுணுக்கமானது என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

பழைய அலகான கலோரி இன்னும் உணவுப் பொட்டலங்களின் முதுகில் உயிரோடு இருக்கிறது. ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்கும் வெப்பம் ஒரு கலோரி, அதாவது 4.184 ஜூல். பொட்டலத்தில் எழுதியிருப்பது அதன் ஆயிரம் மடங்கான கிலோகலோரி. உணவின் ஆற்றலை ஆய்வகத்தில் அளப்பதும் கலோரிமீட்டரை வைத்துத்தான், ஆனால் கொஞ்சம் முரட்டு வகை. தடித்த எஃகுக் கலத்துக்குள் உணவுத் தூளை வைத்து, அழுத்தத்தில் ஆக்சிஜன் நிரப்பி, கலத்தை நீருக்குள் அமிழ்த்தி, உள்ளே மெல்லிய கம்பி ஒன்றில் மின்சாரம் பாய்ச்சிப் பற்றவைப்பார்கள். இதற்குக் குண்டுக் கலோரிமீட்டர் என்று பெயர். நீர் எத்தனை டிகிரி ஏறியது என்பதிலிருந்து ஆற்றல் கிடைத்துவிடும். ஆனால் எஃகுக் கலம், நீர், கலக்கி எல்லாம் சேர்ந்து ஒரு டிகிரிக்கு எவ்வளவு வாங்கும்? ஒவ்வொன்றாக எடைபோட்டுக் கூட்டுவதில்லை. கிராமுக்கு 26.4 கிலோஜூல் தரும் பென்சாயிக் அமிலத்தை முதலில் எரித்துப் பார்த்து, அந்த ஏற்றத்தை வைத்துக் கருவி மொத்தத்துக்கும் ஒரே எண்ணாகக் குறித்துக்கொள்கிறார்கள். பற்றவைத்த கம்பியும் கொஞ்சம் எரிந்திருக்கும். கலத்தைத் திறந்ததும் எரியாமல் மிஞ்சிய துண்டை அளந்து, எரிந்துபோன நீளத்துக்கான வெப்பத்தையும் கழித்துவிட்டுத்தான் விடையை எழுதுகிறார்கள்.